கொழும்பா, ஹட்டனா, பண்டாரவளையா? மலையில் வளர்ந்தவர்கள் வீடு பார்க்கும் கணக்கு

கொழும்பில் உழைக்கிற மலையகத்துக்காரர் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "ஊருக்கே போயிரணும்" என்பதில் வந்து நிற்கும். எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்கு, போய் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பேச்சின் ருசி கெட்டுவிடும். எங்கள் வீட்டில் இது இப்போது பேச்சு மட்டும் இல்லை. வெள்ளவத்தை வீட்டின் வாடகை ஒப்பந்தம் முடியப் போகிறது, வீட்டுக்காரர் கூட்டிக் கேட்கிறார், மகள் அடுத்த வருடம் ஆறாம் தரத்துக்குப் போகிறாள். என் வேலை கணக்கு எழுதுவது. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம், மாதத்தில் ஒன்றிரண்டு தடவை கொழும்பில் தலை காட்டினால் போதும். ஆகவே போவதென்றால் இதுதான் நேரம்.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். மனைவி ஊவாப் பக்கம். எங்கள் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். ஒன்று, வாடகையைக் கூட்டிக் கொடுத்துக் கொழும்பிலேயே இருப்பது. இரண்டு, ஹட்டன் டவுனில் வாடகைக்குப் போவது. அம்மா இருக்கும் தோட்டத்துக்கு அங்கிருந்து போய்வரலாம். மூன்று, ஊவாப் பக்கத்துப் பண்டாரவளையில் வீடோ துண்டுக் காணியோ பார்ப்பது. நுவரெலியாவை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டோம். அங்கே காணி விலை நமக்கானதில்லை. கண்டி நல்ல ஊர்தான், ஆனால் அந்த வாகன நெரிசலுக்குக் கொழும்பிலேயே இருந்துவிடலாம். கண்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மலையகம் ஏன் பிடிக்கும் என்று இருவரும் தனித்தனித் தாளில் எழுதிப் பார்த்தோம். என் தாளில் பெரும்பாலும் ஆட்கள். அவள் தாளில் பெரும்பாலும் காற்று, வெயில், காலை நேரத்து மலை. அங்கேதான் விஷயம் பிடிபட்டது. மலை பிடிக்கிறதா, ஊர் பிடிக்கிறதா என்பவை இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒரே விலாசத்தில் இருக்காது. திரும்பிப் போய், ஒரு வருடத்துக்குள் மறுபடி கொழும்புக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். குளிரை நினைத்துப் போனவர்களுக்கு மழை கிடைத்தது. ஆட்களை நினைத்துப் போனவர்களுக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பூட்டிய காம்பராக்கள் (அறைகள்) கிடைத்தன.

குளிர் என்றால் எந்தக் குளிர்?

கொழும்பில் வருடம் முழுக்கச் சராசரி 27, 28 பாகை. இராத்திரி இரண்டு மணிக்கும் முதுகில் சட்டை ஒட்டும். மலையகத்தை விரும்ப இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. ஆனால் மலையகத்துக்கு ஒரே ஒரு காலநிலைதான் இருப்பதுபோல நாம் பேசுகிறோம். ஹட்டனும் பண்டாரவளையும் கிட்டத்தட்ட ஒரே உயரம், கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். இரண்டுக்கும் நடுவே மத்திய மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஹட்டனுக்குப் பக்கத்து வட்டவளை வட்டாரத்தில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். கொழும்பில் விழுவது ஏறக்குறைய அதில் பாதி. பண்டாரவளையில் கொழும்பைவிடவும் குறைவு. அங்கே மழை பெரும்பாலும் ஒக்டோபருக்குப் பிறகு, வடகிழக்குக் காற்றோடு வருகிறது.

தேயிலைக்கு இது நன்றாகத் தெரியும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் காய்ந்த காற்றில் வருவது. மேற்குப் பக்கத்துக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பொங்கலுக்கும் சிவனொளிபாதமலைக்கும் ஹட்டன் வழியாகப் போய் "என்ன அருமையான சீதோஷ்ணம்" என்கிற கொழும்பு ஆட்கள் பார்ப்பது அந்த மூன்று மாதத்தைத்தான்.

மிச்ச மாதங்களை நான் சொல்கிறேன். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் துவைத்த உடுப்பு காயாது. லயத்தில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காயப்போடுவார்கள். அடுப்பில் எரிவது மிலாறு, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளை. வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை முழுக்க அந்தப் புகை ஏறியிருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அதே வாசம் என்பதால் ஒருவருக்கும் தெரியாது. பிறகு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் கிழமை, பக்கத்தில் இருந்தவன் மூக்கைச் சுளித்தபோதுதான் எனக்கு அப்படியொரு வாசம் இருப்பதே தெரிந்தது. தகரத்தில் மழை விழுந்தால் ஒரே காம்பராவுக்குள் இருப்பவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். சப்பாத்தைக் கழற்றினால் அட்டை. அலுமாரிக்குள் பூஞ்சணம்.

எனக்கு அந்தத் தகரச் சத்தம் இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் மகளுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. ஈரச் சுவரும் பூஞ்சணமும் அவளுக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே காலநிலையில் போட்டியே இல்லை, பண்டாரவளைதான். மனைவி இதைச் சொல்லிக் காட்டுவதற்கு ஒரு சந்தர்ப்பத்தையும் விடுவதில்லை.

ஆட்கள்

இந்த இடத்தில் என் தாள் பேசும். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் தப்பு மேளச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். திருவிழாத் தப்பு வேறு, கேதத் தப்பு வேறு. சின்னப் பிள்ளையும் பிரித்துச் சொல்லும். எங்கள் தோட்டத்தில் மரண உதவிக்கும் கோயிலுக்கும் பேருக்கு இவ்வளவு என்று சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். அதனால் பெட்டிக்கும் பந்தலுக்கும் யாரும் ஓடித் திரிய வேண்டியதில்லை. கேத வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது, பக்கத்து லயத்திலிருந்து சோறு வரும். மாசி மாதம் காமன் கூத்து, அப்புறம் மாரியம்மன் திருவிழா, கரகம், தீமிதிப்பு. இவற்றைச் சொல்லும்போது நெஞ்சு நிறைகிறது என்பது உண்மை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எதிர்வீட்டில் சாவு நடந்ததை மூன்றாம் நாள் மின்தூக்கியில் வைத்து அறிந்துகொண்ட அனுபவமும் எனக்கு இருக்கிறது.

ஆனால் இன்றைக்கு யார் அங்கே இருக்கிறார்கள்? என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கொழும்பில். புறக்கோட்டைக் கடைகளில், ஹோட்டல்களில், கட்டட வேலையில், கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் வாடகை அறைகளில். பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வீடுகளிலும். தீபாவளிக்கு முந்திய இரவு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். எங்கள் தோட்டம் முழுக்க அங்கேதான் வரிசையில் நிற்கும். அதற்கும் முந்தின தலைமுறைக் கதை வேறு. எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த 1948இன் சட்டம், பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்று வந்து, லயங்கள் பாதி காலியாகிக் கப்பலேறின. என் பெரியம்மா குடும்பம் அப்படித்தான் நீலகிரிக்குப் போனது. அங்கேயும் தேயிலை மலைதான்.

ஆக, ஆட்களுக்காகப் போகிறேன் என்பவர் முதலில் ஆட்களின் பெயரை எழுதிப் பார்க்க வேண்டும். நான் எழுதிப் பார்த்தேன். வருடம் முழுக்கத் தோட்டத்தில் இருப்பவர்கள் அம்மா, தம்பி குடும்பம், சில பெரியவர்கள், பக்கத்து வீட்டு அக்கா. மற்றவர்களை நான் கொழும்பில்தான் அடிக்கடி சந்திக்கிறேன், அதுவும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழும்பை விட்டுப் போனால் அவர்களைத்தான் இழப்பேன் என்பது எழுதிய பிறகுதான் உறைத்தது.

இருந்தாலும் ஹட்டனுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள். தபால் கந்தோர், வங்கி, மருந்துக் கடை என்று எங்கே போனாலும் தமிழிலேயே காரியம் முடியும். பண்டாரவளை இருக்கும் பதுளை மாவட்டத்தில் தமிழர் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பண்டாரவளை டவுனில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, கோயில் இருக்கிறது, ஆனால் கந்தோர்களில் சிங்களம் தெரியாமல் நாள் முழுக்க நிற்க வேண்டி வரலாம். எங்கள் இருவருக்கும் சிங்களம் சரளம். அம்மாவுக்கு இல்லை.

ஊர் நமது, காணி யாருடையது?

யாழ்ப்பாணத்து நண்பர்கள் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அவர்களுக்கு வளவு இருக்கிறது, கிணறு இருக்கிறது, காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது. நாம் பிறந்த லயக் காம்பராவை நாம் வாங்க முடியாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி இன்னும் அரசுடையதே. காம்பரா என்பது செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவில், பேர் இருப்பவருக்கான குடியிருப்பு. கொழும்பில் சம்பாதித்த காசில் ஒரு அறை கூட்டிக் கட்டலாம் என்று போனால் தோட்ட முகாமையாளரான துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் காணித் துண்டுகளில் தனி வீட்டுத் திட்டங்கள் வந்தன. அம்மா இருப்பது அப்படியொரு 7 பேர்ச்சஸ் வீட்டில். நல்ல வீடு, ஆனால் தம்பி பிள்ளைகளோடு அதுவே நிறைந்துவிட்டது.

எனவே "ஊருக்குப் போவது" என்று நான் சொல்வது நடைமுறையில் ஹட்டன் டவுன் வாடகை வீடுதான். மெயின் வீதியின் பஸ் சத்தம், அடுக்கடுக்கான கடைகள், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வெள்ளவத்தையைத் தூக்கிக் குளிரில் வைத்ததுபோல இருக்கும். மலையும் முழுதாகக் கிடைக்காது, ஊரும் முழுதாகக் கிடைக்காது. இந்த மூன்று வழிகளில் மனசுக்கு மிகக் கிட்டவாகத் தெரிவதும், கையில் எடுத்துப் பார்த்தால் மிகக் குறைவாகத் தருவதும் இதுதான் என்பது என் எண்ணம். ஒரு விதிவிலக்கு: படுக்கையில் விழுந்த பெற்றோர் தோட்டத்தில் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், ஹட்டனுக்குப் போய்விடுங்கள்.

பண்டாரவளையில் உறுதியோடு தனியார் காணி கிடைக்கும். விலை கொழும்பைவிடக் குறைவு, சுற்றுலா ஊரான எல்லப் பக்கம் போகப் போகக் கூடும். அங்கே வெள்ளைக்காரர் கூட்டம். ஆனால் மலையில் காணி வாங்குவதென்றால் உறுதி மட்டும் சரியாக இருந்தால் போதாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு இடம் இல்லாததால் ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு எத்தனை வீடுகளைக் கொண்டுபோனது என்பதைக் கொழும்பிலிருந்தபடி தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவர்கள் நாம். தம்பிக்கு இணைப்புக் கிடைக்காத அந்த இரவுகளுக்குப் பிறகு, "சரிவில் இருந்தாலும் காட்சி அழகு" என்று காணித் தரகர் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மலை மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி பெற வேண்டும். காணியைப் பார்த்தவுடனே, முற்பணம் கொடுப்பதற்கு முன்னமே, அந்த நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் இடம் எந்த நிறத்தில் விழுகிறது என்று கேட்டுவிடுங்கள். நடந்தும் பாருங்கள்: மரங்கள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றனவா, நிலத்திலோ அடுத்த வீட்டுச் சுவரிலோ வெடிப்பு இருக்கிறதா, புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதா. மேலே யார் காணி, அங்கே மண் வெட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். நாங்கள் பார்த்த காணிகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இந்தக் கேள்வியில்தான் அடிபட்டுப் போனது.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாதை

கொழும்புக்கு மறுக்க முடியாத இரண்டு பலம் உண்டு. உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ தமிழில் படிக்க ஆசிரியர்கள், வகுப்புகள். நடுராத்திரியில் போனாலும் நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரி. மலையகத்தில் தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை. இதற்குப் பதிலாகச் சிலர், பல்கலைக்கழகம் போகத் தேவையான வெட்டுப்புள்ளி அங்கே குறைவு என்பதைச் சொல்வார்கள். பெரும்பாலான துறைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி 40 வீதம் திறமைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவை. எந்த மாவட்டம் என்பது பிள்ளை படித்த பாடசாலையைப் பார்த்து முடிவாகிறது. சரி, சலுகை இருக்கிறது. ஆனால் அது அங்கே படிக்கிற பிள்ளைகளின் கஷ்டத்துக்குக் கொடுத்தது. கொழும்பு டியூஷனை முடித்துவிட்டு அந்த வரிசையில் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மகள் இப்போதே அங்கே போய் அங்கேயே முழுதாகப் படிப்பதென்றால் அது வேறு.

ஆஸ்பத்திரியில் ஹட்டன் பக்கம் மோசமில்லை. டிக்கோயாவில் 2017இல் இந்திய உதவியோடு திறந்த கட்டடம் இருக்கிறது. பண்டாரவளைக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பதுளை. பெரிய வருத்தம் என்றால் எந்த ஊரிலிருந்தும் கண்டிக்கோ கொழும்புக்கோதான் அனுப்புவார்கள்.

பாதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹட்டன் பஸ் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக நாலைந்து மணி நேரம். பண்டாரவளைக்கு இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ரயில் அழகுதான், ஆனால் டித்வாவில் மலையகப் பாதை பல இடங்களில் அறுந்ததைப் பார்த்த பிறகு ரயிலை மட்டும் நம்பி மாதாந்தக் கணக்குப் போட முடியாது.

நியாயத்துக்காகக் கொழும்பின் பக்கம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அந்தத் தண்ணீர் வழியில் லக்ஷபானவில் மின்சாரமாகி, பிறகு அம்பத்தலையில் சுத்தமாகிக் கொழும்புக் குழாயில் வருகிறது. பழைய மஸ்கெலியா டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போனதும் அந்த மின்சாரத்துக்காகத்தான். வறட்சிக் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும், ஆட்கள் போய்க் கும்பிட்டு வருவார்கள். அந்த மின்சாரம் பல லயங்களுக்கு எவ்வளவு தாமதமாக வந்தது என்பது வேறு கதை. இங்கே பில் கட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன உரிமை உணர்வு வந்துபோகும்.

எங்கள் கணக்கு

உங்கள் தாளில் ஆட்களே அதிகம் என்றால், அதிலும் அவர்களில் பலர் ஏற்கெனவே கொழும்பில் என்றால், கொழும்பிலேயே இருங்கள். வீட்டு வாடகைக்குக் கூட்டிக் கொடுப்பதோடு மாதாமாதம் ஊருக்குப் போகும் பஸ் காசையும் சேர்த்தே செலவில் எழுதுங்கள். காற்றும் வெளிச்சமும் என்றால் ஊவாப் பக்கம். எதுவானாலும் எடுத்தவுடன் காணி வாங்க வேண்டாம். கட்டிப் பூட்டிவைத்த வீடுகள் மலையகத்தில் போதுமான அளவு இருக்கின்றன. முதலில் வாடகை, அதுவும் அந்த ஊரின் கெட்ட மாதத்தையும் சேர்த்து: ஹட்டன் என்றால் ஜூலை, பண்டாரவளை என்றால் நவம்பர்.

நாங்கள் பண்டாரவளையில் ஒரு வாடகை வீட்டுக்குப் பேச்சுக் கொடுத்திருக்கிறோம், பள்ளிக்கூடத் தவணைக்கு ஜனவரியில் போகலாம் என்று. சரிவில் இல்லை, காட்சியும் பெரிதாக இல்லை, சுவர் காய்ந்திருக்கிறது. அம்மாவையும் கூப்பிட்டேன்.

"பண்டாரவளையில எனக்கு யாரத் தெரியும்? நீ போ ராசா. இங்க கேதம் கீதம்னா நான் இருக்கணும்" என்றார்.

கிளினிக்குக்கு மாதத்தில் ஒரு நாள் டிக்கோயாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். தம்பிக்கு லீவு கிடைக்காத மாதங்களில் நான் வெலிமடை, நுவரெலியா வழியாக பஸ் மாறி மாறி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நாட்களை மனைவி ஏற்கெனவே நாட்காட்டியில் குறித்துவிட்டாள். இனி வீட்டுக்காரர் சாவியை எப்போது தருவார் என்று கேட்க வேண்டும்.